நெஞ்சுக்கு எஞ்சின் பூட்டிய கதை

உலகத்தின் முதல் இதய சத்திரசிகிச்சையைச் செய்தவர் எங்கள் கடலைத் தாண்டி வந்து போனவர். அயோத்தியில் சபை கூடியிருக்க, அனுமன் தன் நெஞ்சைத் தானே பிளந்து உள்ளே இராமனும் சீதையும் இருப்பதைக் காட்டினார் என்று கதை. மயக்க மருந்து கிடையாது. இரத்தம் ஏற்றவில்லை. கிருமித்தொற்று இல்லை. தையல் போட்டதாக எந்தக் கதாப்பிரசங்கியும் சொன்னதில்லை. நோயாளி அங்கேயே எழுந்து நடந்தார், இன்றுவரை சிரஞ்சீவி. இந்த ஒரு கேஸை முன்னே வைத்துப் பார்த்தால் பிறகு நடந்ததெல்லாம் சறுக்கல்தான்.

தலைமன்னார் வீடுகளில் அனுமன் படத்தைவிடத் திருஇருதய ஆண்டவர் படம்தான் அதிகம். அங்கேயும் இதயம் நெஞ்சுக்கு வெளியேதான். மேலே தீச்சுவாலை, கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப். ஆக, இதயத்தை வெளியே எடுத்துப் பார்ப்பதில் சைவம், வேதம் என்று எந்தப் பக்கத்திலிருந்தும் எங்களுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. ஆட்சேபம் டொக்டர்மாருக்குத்தான்.

1896இல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்பவர் நெஞ்சு சத்திரசிகிச்சை பற்றி ஒரு புத்தகம் போட்டார். இதயத்தோடு எல்லை முடிந்தது, அது இயற்கை போட்ட வேலி, இனி எந்த முறை வந்தாலும் தாண்டமுடியாது என்று அதில் அடித்துச் சொன்னார். அதே ஆண்டு செப்டெம்பரில் பிராங்பேர்ட்டில், கத்திக்குத்தோடு வந்த 22 வயதுத் தோட்டக்காரனின் இதயத்தில் லுட்விக் ரேன் மூன்று தையல் போட்டார். ஆள் பிழைத்தான். பேஜட்டின் புத்தகத்தை வாங்கியவர்களுக்குக் காசு திரும்பக் கிடைத்ததாகத் தகவல் இல்லை.

வேலியைத் தாண்டியவர்களில் எனக்குப் பிடித்தவர் வேர்னர் ஃபோர்ஸ்மன். 1929, ஜெர்மனியில் ஏபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊர், பயிற்சி டொக்டர். கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயை விட்டால் அது நேரே இதயத்துக்குப் போய்ச்சேரும் என்று அவருக்கு ஒரு எண்ணம். தலைமை வைத்தியர் கூடாது என்றார். கருவிகள் வைத்த அலுமாரியின் திறப்போ கெர்டா டிட்சன் என்ற தாதியின் கையில். ஃபோர்ஸ்மன் தாதியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார். அந்தப் பிள்ளை கரைந்து, என் மேலேயே செய்து பாருங்கள் என்று மேசையில் ஏறிப் படுத்துவிட்டது. இவர் அவரை மேசையோடு சேர்த்துக் கட்டினார். கையில் அயடின் பூசினார். பிறகு அப்பாலே திரும்பி நின்று தன் கையை வெட்டி, 65 சென்ரிமீற்றர் குழாயைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். தாதிக்கு விஷயம் விளங்கியபோது கட்டு நன்றாக இறுகியிருந்தது. அவிழ்த்துவிட்டபின் இருவருமாகக் கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்கள். ஓடிவந்து குழாயைப் பிடுங்கப் பார்த்த நண்பருக்குக் காலில் உதை விழுந்தது. படம் எடுத்தால், குழாயின் நுனி இதயத்துக்குள்.

பேர்லினில் பெரிய பேராசிரியர் சவர்புரூக், இந்த வித்தை சர்க்கஸுக்குத்தான் சரி என்ற தோரணையில் அவரை வெளியே அனுப்பினார். மனுஷன் இதயத்தைக் கைவிட்டுச் சிறுநீர் வைத்தியத்துக்குப் போனார். நடுவில் நாசிக் கட்சியிலும் சேர்ந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் கதை இனிக்கும், ஆனால் பொய்யாகிவிடும். 1956இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மேசையில் கட்டுண்டு கிடந்த தாதிக்கு ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கணக்கையும் எழுதவேண்டும். 1914 மார்ச் 1ஆம் திகதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் கொழும்புக் கோச்சி, அந்தப் பக்கம் சென்னைப் பட்டணத்து ரயில், நடுவில் 20 சொச்சம் மைல் கடல், மூன்றுக்கும் ஒரே டிக்கற். கோட்டையில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். ஒரு இதய நோயாளிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஒரே குறை, எழும்பூரில் இறங்கி என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது, அங்கிருந்த டொக்டருக்கும் தெரியாது. கப்பல் இருந்தது, சிகிச்சை இல்லை. இந்த வாக்கியம் பின்னால் தலைகீழாகப் போகிறது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சனங்களின் இதயத்தைக் கெடுத்தது கொழுப்பு அல்ல, சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல். தொண்டை நோவில் தொடங்கும், மூட்டு வீங்கும், போய்விட்டது என்று நினைக்கும்போது இதயத்தின் இடப்பக்கத்து வால்வை ஒட்டவைத்துவிட்டுப் போகும். இருபது வயதுப் பெண்பிள்ளை கிணற்றில் இரண்டு வாளி அள்ளமுடியாமல் மூச்சுவாங்கும். ஒட்டிய வால்வை விரலை விட்டு நெம்பித் திறந்தால் என்ன?

பிலடெல்பியாவில் சார்ள்ஸ் பெய்லி அப்படித்தான் யோசித்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஆட்கள் செத்தார்கள். சக வைத்தியர்கள் அவரைக் கசாப்புக்காரன் என்றே அழைத்தார்கள். வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 1948 ஜூன் 10ஆம் திகதி பெய்லி ஒரு தந்திரம் செய்தார். காலையில் ஒரு வைத்தியசாலையில் ஒரு நோயாளி, பிற்பகல் ஊரின் இன்னொரு வைத்தியசாலையில் இன்னொரு நோயாளி. காலை ஆள் இறந்தார். அந்தச் செய்தி ஊரைச் சுற்றி வந்து தன் கையைப் பிடிக்குமுன் பெய்லி மற்ற இடத்துக்குப் பறந்து, பிற்பகல் நோயாளியின் நெஞ்சைத் திறந்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்தார். கொஞ்ச நாளிலேயே அவரை ரயிலில் ஏற்றி, சிக்காகோவில் நடந்த டொக்டர்மார் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வாட்ஸ்அப் இருந்திருந்தால் இதய வைத்தியம் இருபது வருசம் பிந்தியிருக்கும்.

நெம்புவதற்கு விரல் போதும். உள்ளே ஓட்டை இருந்தால் தைக்கவேண்டும், தைக்கவேண்டுமானால் இதயத்தை நிறுத்தவேண்டும், நிறுத்தினால் ஆள் போய்விடுவார். நின்ற நேரத்துக்கு இரத்தத்தைச் சுற்றவைக்க ஒரு மெசின் வேண்டும் என்று ஜோன் கிப்பன் 1930களிலேயே கிளம்பினார். பரிசோதனைக்குப் பூனை தேவைப்பட்டது. ராத்திரியில் பொஸ்டன் தெருக்களில் ஒரு கையில் சூரை மீன் துண்டு, மறுகையில் சாக்கு என்று டொக்டர் கிப்பன் பூனை பிடித்துத் திரிந்தார். தலைமன்னார் மீன்வாடிப் பக்கம் வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் சாக்கு நிறைந்திருக்கும். 1953 மே 6ஆம் திகதி 18 வயதுப் பெண்ணை 26 நிமிடம் மெசினில் வைத்து ஓட்டையை அடைத்தார். பெண் பிழைத்தார். அதே கோடையில் செய்த அடுத்த இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். இருபது வருசம் பூனை பிடித்த மனுஷன் அதோடு இதயத்தை விட்டார்.

மினியாப்பொலிஸில் வோல்ட்டன் லில்லிஹைக்கு மெசின்வரை பொறுக்கப் பொறுமை இல்லை. பிள்ளைக்கு அப்பன் இருக்க மெசின் எதற்கு? 1954 மார்ச்சில் 13 மாதக் குழந்தையின் இரத்தக்குழாயைத் தகப்பனின் இரத்தக்குழாயோடு இணைத்து, தகப்பனின் இதயத்தால் பிள்ளைக்கும் இரத்தம் ஓடவிட்டு, பிள்ளையின் இதயத்தைத் திறந்து தைத்தார். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. 11ஆம் நாள் குழந்தை நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் இறந்தது. உலக வரலாற்றிலேயே 200 வீத மரணத்துக்கு வழியுள்ள முதல் சத்திரசிகிச்சை இது என்று எதிராளிகள் சொன்னார்கள். கணக்குச் சரிதான். மேசையில் படுத்திருப்பது இரண்டு பேர். ஆனாலும் இப்படிச் செய்த 45 பேரில் 28 பேர் வீட்டுக்கு நடந்து போனார்கள். மெசினுக்காகக் காத்திருந்தால் அந்த 28 பேருக்கும் கல்லறைதான்.

அடுத்த வருடம் லில்லிஹையின் ஆள் ரிச்சர்ட் டிவோல் ஒரு மெசின் செய்தார். அது பாற்பண்ணைக் குழாய்களால் ஆனது, கம்பனி அமைத்த கிப்பனின் மெசினோடு பார்த்தால் கொசுறு விலை. 1957 அக்டோபர் 31ஆம் திகதி நகரத்தில் மின்சாரம் நின்றது. சுவரில் செருகி ஓடிய, இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவிகள் நின்றன. லில்லிஹை கராஜில் கருவி திருத்தும் ஏர்ல் பக்கனைக் கூப்பிட்டு, இதைப் பற்றரியில் ஓடவையடாப்பா என்றார். பக்கன் ஒரு பொழுதுபோக்கு எலெக்ரோனிக் சஞ்சிகையைப் புரட்டி, பாட்டுக்குத் தாளம் தட்டும் கருவியின் சுற்றுப்படத்தை எடுத்து நாலே கிழமையில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அந்தக் கராஜ்தான் இன்றைய மெட்ரோனிக். லில்லிஹை பின்னாளில் வரி ஏய்ப்பு வழக்கில் குற்றவாளியானார். இதயத்தைத் தைக்கத் தெரிந்தவருக்கு ரசீதுகளைத் தைத்து வைக்கத் தெரியவில்லை.

இப்போது எங்கள் பக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் 1949இலேயே நெஞ்சு சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கியிருந்தார். 1960களின் தொடக்கத்தில் அங்கே நாகரூர் கோபிநாத் மெசின் வைத்து இதயத்தைத் திறந்து வெற்றி கண்டார். கடைசியில் எழும்பூரில் இறங்கினால் செய்ய ஒரு வேலை கிடைத்தது. காட்பாடிக்கு இன்னொரு டிக்கற் எடுத்தால் சரி. வடக்கு இலங்கைச் சனங்களுக்கு வேலூர் அரைக் கோயிலானது.

1964இல் அமெரிக்க அரசு செயற்கை இதயத்துக்கென்று தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைத் துடைத்து எடுத்தது. ரயில், நிலையம், இறங்குதுறை, ஊர் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்தச் சம்பந்தமில்லாத ஒற்றுமை இனி விடாமல் வரப்போகிறது. கப்பல் பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது, ஆடி அசைந்து.

மாற்று இதயக் கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகப் போவோம். 1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியன் பார்னார்ட் வைத்த இதயத்தோடு நோயாளி 18 நாள் இருந்தார். பார்னார்ட் அதற்குள் உலக அழகிகளோடு படத்துக்கு நிற்கும் அளவுக்குப் பெயர் எடுத்துவிட்டார். 1968 பெப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். வைத்தியசாலையில் பி.கே. சென் செய்தார், நோயாளி சில மணி நேரத்தில் இறந்தார். பாம்பின் இதயத்தைப் பார்த்து மனித இதயத்தில் ஊசித்துளை போட்டால் இரத்தம் ஊறும் என்று ஆராய்ந்த அசல் மூளை அவருடையது. பார்னார்ட்டுக்கு அழகிகள், சென்னுக்குப் பாம்பு.

மெசின் இதயம்தான் எங்கள் விஷயம். ஹூஸ்டனில் இரண்டு சிங்கங்கள், மைக்கேல் டிபேக்கியும் டென்ரன் கூலியும். டிபேக்கியின் ஆய்வுகூடத்தில் டொமிங்கோ லியோட்டா என்பவர் கன்றுக்குட்டிகளுக்குச் செயற்கை இதயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1969 ஏப்ரல் 4ஆம் திகதி டிபேக்கி ஊரில் இல்லாத நேரம் பார்த்து, கூலி அந்தச் சாமானை ஒரு மனிதனுக்குள் வைத்துவிட்டார். 64 மணி நேரம் ஓடியது. பிறகு மாற்று இதயம் வைத்தார்கள், 32 மணி நேரத்தில் நோயாளி இறந்தார். வீட்டுக்காரர் வெளியே போன நேரம் வீட்டுச் சாமானைத் தூக்கினால் எந்த ஊரிலும் சண்டைதான். 38 வருசம் இருவரும் பேசவில்லை. 2007இல் ராசியானபோது டிபேக்கிக்கு 99 வயது. அந்த வயதுவரை அவர் இருந்ததற்குக் காரணமும் ஒரு சத்திரசிகிச்சைதான். அவருடைய பெருநாடி கிழிந்தபோது, அவரே ஒரு காலத்தில் கண்டுபிடித்த முறையில் 97 வயதில் அவருக்கே செய்தார்கள். இந்த வயதில் செய்யலாமா, அவர் வேண்டாமென்றாரே என்று அறநெறிக் குழு கூடிக் கதைத்துக்கொண்டிருக்க, மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கதைத்தது காணும் செய்யுங்கள் என்றாராம். தலைமன்னாரிலும் அறநெறிக் குழுக்கள் இப்படித்தான் முடிவெடுக்கின்றன.

செயற்கை இதயத்துக்கு 1963இலேயே காப்புரிமை வாங்கியவர் டொக்டர் அல்ல, பொம்மையை மடியில் வைத்து வாயசைக்காமல் பேசிக்காட்டும் போல் வின்செல். கார்ட்டூனில் புலிக்குட்டி டிகருக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். தன் காப்புரிமையை யூட்டா பல்கலைக்கழகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் 1982 டிசம்பர் 2ஆம் திகதி பார்னி கிளார்க் என்ற 61 வயதுப் பல் டொக்டருக்கு ஜார்விக்-7 இதயத்தை வைத்தார்கள். இதயம் உள்ளே, அதை இயக்கும் காற்றழுத்த மெசின் வெளியே, ஒரு அலுமாரிப் பருமன். மனிதன் மெசினை இழுத்துக்கொண்டு போகவில்லை, மெசின் இருந்த இடத்தில் மனிதன் இருந்தார். இதயம் இல்லாமல் இனி என்மேல் அன்பு இருக்குமா என்று மனைவி டொக்டர்மாரைக் கேட்டார். இருந்தது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. இரண்டு கிழமைக்குள் உள்ளே ஒரு வால்வு உடைந்தது. வலிப்பு வந்தது. மூக்கால் இரத்தம் நிற்கவில்லை. சிறுநீரகம் போனது. போதும் என்று தோன்றினால் மெசினை நிறுத்திக்கொள்ள அவரிடமே ஒரு திறப்பைக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் திருப்பவில்லை. 112ஆம் நாள் உடம்பு முழுக்க நின்றபிறகும் ஜார்விக்-7 ஓடிக்கொண்டிருந்ததால், கையால் நிறுத்தவேண்டி இருந்தது. சத்திரசிகிச்சை வெற்றி, நோயாளி மரணம் என்ற பழைய பகிடியின் கடைசிப் பதிப்பு அது.

1984இல் எங்கள் கப்பல் நின்றது. யுத்தம். அந்த நவம்பரில் வில்லியம் ஷ்ரோடருக்கு அடுத்த ஜார்விக்-7. கண் விழித்ததும் அவர் கேட்டது பியர். நாங்கள் பியர் என்று சொல்லும் தலைமன்னார் இறங்குதுறை அல்ல, குடிக்கிறது. டிசம்பரில் ஜனாதிபதி றேகன் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். உலகமே கேட்டுக்கொண்டிருக்க, ஷ்ரோடர் நன்றி சொல்லிவிட்டு, எனக்கு வரவேண்டிய சமூகப் பாதுகாப்புக் காசோலை இன்னும் வந்துசேரவில்லை ஐயா என்றார். அடுத்த நாள் காசோலை கைக்கே வந்தது. கச்சேரியில் கோப்பு நகரவில்லை என்று அலையும் எங்கள் சனத்துக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. என்ன, நெஞ்சைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். அதே மாதம் ஷ்ரோடருக்குப் பக்கவாதம் வந்தது. மெசினுக்குள் உறைந்த இரத்தக்கட்டி மூளைக்கு ஏறினால் அதுதான் நடக்கும். 620 நாள் இருந்தார், அடுத்தடுத்த பக்கவாதங்களோடு.

1990இல் ரயிலும் நின்றது. தண்டவாளம் காடு பிடித்தது. அந்த டிசம்பரில், நேரே மேற்கே கடலைத் தாண்டித் திருவனந்தபுரத்தில், சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், டொக்டர் வலியத்தானின் குழு இந்தியாவிலேயே செய்த இதய வால்வை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தது. முதல் மாதிரிகள் தோற்றன. கம்பி உடைந்தது, பொருள் தேய்ந்தது, விடாமல் மாற்றினார்கள். வெளிநாட்டிலோ விற்பனைக்கே வந்த பியோர்க்-ஷைலி வால்வின் கம்பிகள் ஆட்களின் நெஞ்சுக்குள் முறிய, அந்த வால்வு 1986இல் சந்தையைவிட்டுப் போயிருந்தது. திருவனந்தபுரத்துச் சித்திரா வால்வைத் தயாரித்தது டி.டி.கே. குழுமம். ஆமாம், பிரெஸ்டிஜ் குக்கர்காரர்தான். ஆணுறையும் அந்தக் குழுமத்திலிருந்துதான் வந்தது. எந்த இடத்தில் எதைத் திறக்கவேண்டும், எதை அடைக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளில் அந்த வால்வு ஏறியது. இப்போது வாக்கியத்தைத் திருப்பலாம். சிகிச்சை வந்துவிட்டது, அக்கரையில், அடக்க விலையில். கப்பல் இல்லை.

உலோக வால்வு சாகும்வரை டிக் டிக் என்று சத்தம் போடும். ராத்திரி அமைதியில் பக்கத்தில் படுத்தவருக்கும் கேட்கும். தொண்ணூறுகளில் வவுனியாச் சோதனைச் சாவடியில், பொதியெல்லாம் கொட்டிக் காட்டிவிட்டு, நெஞ்சுக்குள் டிக் டிக் என்று வரிசையில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். சத்தம் சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, உலோகத்தில் இரத்தம் உறையும். உறையாமல் இருக்க வார்ஃபரின் குளிசை. அது பிறந்ததே பூஞ்சணம் பிடித்த தீவனம் தின்று இரத்தம் நிற்காமல் செத்த மாடுகளின் புண்ணியத்தில். 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவரின் மேசைக்குப் போய்விட்டது. எலிகளுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. கொஞ்சம் கூடினால் மூளைக்குள் இரத்தம் கசியும், கொஞ்சம் குறைந்தால் வால்வு இறுகும். முருங்கைக்கீரைச் சுண்டலை ஒரு நாள் சட்டியோடு வழித்துவிட்டு மற்ற நாள் தொடாமல் விட்டாலும் கணக்குப் பிசகும். வால்வு வைத்தவர்களுக்கு டொக்டரைவிடச் சமையற்கட்டில் நிற்பவர்தான் முக்கியம்.

ரிச்சர்ட் வொம்ப்ளர் என்ற அமெரிக்க டொக்டர் 1970களில் எகிப்துக்குப் போனார். அங்கே ஆட்கள் ஒரு திருகுத் தண்டைச் சுற்றிச் சுற்றி ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுவதைக் கண்டார். ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சங்கதி. தண்ணீர் துடிக்காமல் ஏறுகிறதே, இரத்தம் ஏன் ஏறாது? சுழன்றால் இரத்தம் கூழாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவில்லை. 1988இல் அவர் பம்பு மனிதருக்குள் சுழன்றது. அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு இடது இதயவறையில் பூட்டும் சின்னப் பம்புகள்.

பைபர் படகு ஓட்டும் ஆளுக்கு இதை ஒரு நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். படகின் பின்னால் பூட்டும் எஞ்சின்தான். உள்ளே ஒரு விசிறி சுற்றுகிறது, தண்ணீருக்குப் பதில் இரத்தத்தைத் தள்ளுகிறது. விசிறியில் நைலோன் நூல் சுற்றினால் எஞ்சின் திக்கும். இங்கே இரத்தக்கட்டி. கட்டாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்தால் குடலுக்குள் கசியும். விசிறியே இரத்தத்திலுள்ள உறையும் புரதத்தை வெட்டிவிடுவதால் கசிவு இன்னும் கூடும். பற்றரி வயர் வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. படகில் ஓட்டை போட்ட இடத்தால் தண்ணீர் வரும், உடம்பில் ஓட்டை போட்ட இடத்தால் கிருமி வரும். ஒரு பக்க எஞ்சின் இழுக்க மறுபக்கம் தள்ளாடுவதும் உண்டு, பம்பு இல்லாத வலது இதயம் களைத்துவிடும். ஹார்ட்வெயார் என்ற ஒரு பம்பு, நின்றால் சிலவேளை மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை, பக்கவாதமும் கூடுதல். 2021 ஜூனில் மெட்ரோனிக் விற்பனையை நிறுத்தியது. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைக் கரையில் போட்டு உதைக்கலாம். இதை எங்கே உதைப்பது?

பியர் பக்கம் குந்தியிருக்கும் பெரியவரிடம் இதைச் சொன்னால் கதை இப்படிப் போகும்.

“அப்ப கரண்ட் போனா?”

“பற்றரி இருக்கு பெரியப்பா. ஒரு சோடி 17 மணித்தியாலம்வரை ஓடும்.”

“22ஆம் ஆண்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள்.”

“அப்பவும் நாலு மணித்தியாலம் மிச்சம்.”

“பற்றரி மாத்த மறந்தா?”

“மறந்ததை ஞாபகப்படுத்த ஆள் இருக்கமாட்டார்.”

பெரியப்பாவுக்கு நம்பிக்கை வராத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பம்பு சீராகச் சுழல்வதால் பலருக்கு நாடித்துடிப்பே தெரியாது. மன்னார் நாட்டுவைத்தியர் கையைப் பிடித்தால் உடனே பறை சொல்லி அனுப்புவார், நோயாளியோ எதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். அமெரிக்க உப ஜனாதிபதியாக இருந்த டிக் செய்னி 2010இல் இதைப் பூட்டி, நாடியில்லாமல் 20 மாதம் வாழ்ந்து, 71 வயதில் மாற்று இதயம் வாங்கினார். நாடி இல்லாத அரசியல்வாதியை நாங்கள் மட்டும் வைத்திருக்கவில்லை.

இன்னொன்று, பம்பு பூட்டியவர் கடலில் இறங்கக்கூடாது. மிகிர் சென் 1966இலும், 12 வயதுக் குற்றாலீஸ்வரன் 1994இலும் நீந்திக் கடக்க இறங்கிய கடல் இது. இங்கே பிறந்தவனுக்கு முழங்காலுக்கு மேல் நனையாதே என்று சொல்வது பக்கவாதத்தைவிடப் பெரிய பக்கவிளைவு.

இவ்வளவு குறை சொல்லிவிட்டேன், மறுபக்கக் கணக்கையும் வைக்கவேண்டும். 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மாற்று இதயத்துக்கு வழியில்லாத நோயாளிகளில் மருந்தை மட்டும் நம்பியவர்கள் ஒரு வருசத்தில் 100க்கு 25 பேர்தான் மிஞ்சினார்கள். பம்பு பூட்டியவர்களில் 52 பேர். இரண்டாம் வருசம் 8 பேருக்கு எதிராக 23. இப்போதைய ஹார்ட்மேட் 3 காந்தத்தில் மிதந்து சுழல்கிறது, தேய ஒன்றுமில்லை, கட்டியும் குறைவு. அதைப் பூட்டியவர்களில் 100க்கு 58 பேர் ஐந்து வருசம் கடந்தார்கள். பூனை, பாற்குழாய், பொம்மலாட்டக்காரர், எலி மருந்து என்று வந்த வழியை நினைத்தால் 58 பெரிய எண். விலையை மட்டும் கேட்காதீர்கள். இலங்கைக் காசில் கோடிகள். சென்னையில் பூட்டுகிறார்கள். தலைமன்னாரிலிருந்து போவதற்கு, மறுபடியும், கப்பல் இல்லை.

ரயில் 2015 மார்ச்சில் திரும்பி வந்தது. மோடி வந்து கொடியசைத்தார். 2017 ஜூலையில் கண்டி வைத்தியசாலையில் நாட்டின் முதல் மாற்று இதயத்தை வைத்தார்கள். இப்போது சிகிச்சையும் இருக்கிறது, கோச்சியும் இருக்கிறது. மதவாச்சி தாண்டி, பொல்கஹவெலையில் இறங்கி, அடுத்த கோச்சி பிடித்தால் கண்டி. ஆனால் எடுத்த இதயம் ஐஸில் தாங்குவது ஏறத்தாழ நாலு மணித்தியாலம். எங்கள் கோச்சிக்கு அந்தத் தகவலை யாரும் அறிவிக்கவில்லை. 2008இல் சென்னையில் ஹிதேந்திரன் என்ற இளைஞனின் இதயத்தைத் தேனாம்பேட்டைப் பக்கமிருந்து முகப்பேருக்கு, பொலிஸ் வழிவிட்டுக் கொடுக்க, 11 நிமிடத்தில் கொண்டுபோனார்கள். படமே எடுத்தார்கள். 

இங்கே அம்புலன்ஸுக்கு இலக்கம் 1990. ரயில் நின்ற வருடத்தையே வைத்திருக்கிறார்கள், தற்செயலாகத்தான். கூப்பிட்டால் வருகிறார்கள், குறை சொல்லமுடியாது. ஏ-14 வீதியில் தலைமன்னாரிலிருந்து மன்னார்வரை எந்த அமைச்சரின் வாகனத்துக்கும் ஒதுங்காத கழுதைகள்தான் பாக்கி. அவற்றுக்கென்று மன்னாரில் தனி வைத்திய நிலையமே உண்டு. இதயத்தைத் திறக்க மனிதர்தான் மாவட்டம் தாண்டவேண்டும். ஒரு நாளைக்கு இந்த வீதியால் ஐஸ் பெட்டியில் ஒரு இதயம் போகவேண்டி வந்தால், பொலிஸோடு கதைக்குமுன் அவற்றோடு கதைத்து ஒரு முடிவுக்கு வரவேண்டும். காலையில் பாலத்தடியில் நிற்கும், மத்தியானம் பஸ் நிலையத்து நிழலில் பிடிக்கலாம்.